மலையிறங்கும் லோரிக்கு எந்த வழிகாட்டி?

கேமரன் மலையின் வடகோடியில் உள்ள கம்போங் ராஜாவில் இரண்டு கூட்டரசுச் சாலைகள் சந்திக்கின்றன. தாப்பாவில் தொடங்கி ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப் வழியாக மலையேறி வரும் 59-ஆம் எண் சாலை ஒன்று. பேராக் மாநிலத்தின் சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி, இவ்வூரைத் தொட்டு, லோஜிங் வழியாகக் கிளந்தானின் குவா மூசாங்கை நோக்கிச் செல்லும் 185-ஆம் எண் சாலை மற்றொன்று. ரிங்லெட்டில் பிரிந்து சுங்கை கோயானுக்கு இறங்கும் 102-ஆம் எண் சாலையையும் சேர்த்துக்கொண்டால், இங்கே சரக்கேற்றும் ஒரு லோரி சமவெளியை அடைய நான்கு இறக்கங்கள் உள்ளன. தேயிலைப் பெட்டிகளும், விடியலுக்கு முன் செலாயாங் மொத்தச் சந்தைக்கோ சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கோ போய்ச் சேர வேண்டிய முட்டைக்கோசும் தக்காளியும் இந்த நான்கில் ஒன்றின் வழியாகவே இறங்க வேண்டும். ஆகவே ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பது, இவ்வூர் லோரிக்காரர்களைப் பொறுத்தவரை, நிறைந்த பாரத்தோடு எந்த இறக்கத்தில் இறங்குவது என்று சொல்லும் உரிமையை எதனிடம் ஒப்படைப்பது என்னும் கேள்வியாகிறது.

வரைபடத்தின் குறை இம்மலைக்குப் புதிதன்று. 1885-இல் இப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன், தாம் கண்ட மேட்டுநிலத்தின் இருப்பிடத்தை வரைபடத்தில் தெளிவாகக் குறித்து வைக்காததால், பிற்காலத்தவர் அதை மீண்டும் தேடிக் காண வேண்டியதாயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் தாப்பாவிலிருந்து போடப்பட்ட சாலையே மலைக்கு ஆதாரமாயிற்று; அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கும், அதாவது தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களின் மூன்று தலைமுறைக் காலத்திற்கும், அந்த ஒற்றைச் சாலையே வரத்தும் போக்குமாக இருந்தது. ஒரே வழி இருந்த காலத்தில் வழிகாட்டி தேவைப்படவில்லை. 2000-ஆம் ஆண்டுகளில் சிம்பாங் பூலாய்ச் சாலை முழுப் பயன்பாட்டுக்கு வந்து, அதன்பின் சுங்கை கோயான் சாலையும் சேர்ந்த பிறகுதான், எந்த வழி என்னும் கேள்வி ஓட்டுநரின் முன் எழுந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் அக்கேள்விக்கு விடை சொல்லும் கருவிகளும் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

கருவியைப் பற்றிப் பேசுமுன் அதற்குள் ஒன்றோடொன்று கலந்திருக்கும் மூன்று வேலைகளைப் பிரித்துக் காண வேண்டும். முதலாவது, தான் இருக்கும் இடத்தை அறிதல். இதைச் செய்வது செயற்கைக்கோள் சமிக்ஞைகளைப் பெறும் வாங்கி. இரண்டாவது, அந்த இடத்தைச் சாலைகளோடு பொருத்துதல். இதற்கு வேண்டியது வரைபடம். மூன்றாவது, சேர வேண்டிய இடத்திற்குப் பொருத்தமான வழியைக் கணக்கிடுதல். இதைச் செய்வது மென்பொருள். கடையில் கருவியைக் கையிலெடுத்துப் பார்ப்பவர்கள் திரையின் அகலத்தையும் படத்தின் தெளிவையும் விலையையும் ஒப்பிடுகிறார்கள். மலைச்சாலையில் தவறு நேரும்போது அது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வேலைகளில்தான் நேர்கிறது, அவற்றைத் திரையைப் பார்த்து மதிப்பிட இயலாது.

முதல் வேலையில் இன்று பெருங்குறை இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் கடிகார நேரத்தை இடைவிடாமல் ஒலிபரப்ப, அச்செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தூரத்தைக் கணித்து, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தூரங்களைக் கொண்டு வாங்கி தன் இடத்தை அறிகிறது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிய பிறகு, திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் துல்லியம் எவருக்கும் கிடைக்கலாயிற்று. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, 2020-இல் உலகளாவிய சேவையை எட்டிய சீனாவின் பெய்டூ ஆகியவையும் சேர்ந்துகொண்டதால், பல தொகுதிகளை ஒருங்கே பெறும் வாங்கிக்கு எந்நேரமும் போதுமான செயற்கைக்கோள்கள் தென்படுகின்றன.

ஆயினும் கேமரன் மலையில் இரண்டு இடையூறுகள் உண்டு. ஒருபுறம் வெட்டிய மலைச்சுவரும் மறுபுறம் அடர்காடுமாகச் செல்லும் சாலையில் வானத்தின் பாதி மறைந்துவிடுகிறது. மறையாத பாதியிலிருந்து வரும் சமிக்ஞையும் பாறையில் பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதமாக வந்து தூரக் கணக்கைக் குழப்புகிறது. அடுத்தது, நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் மேல்வளிமண்டலத்தின் மின்னூட்டம் பெற்ற அடுக்கு, அதாவது அயனி மண்டலம், மிகுதியாகக் கலங்கி, அதைக் கடந்து வரும் சமிக்ஞையின் வேகத்தை மாற்றிவிடுகிறது. ஒரே செயற்கைக்கோளின் சமிக்ஞையை இரண்டு அலைவரிசைகளில் பெற்று ஒப்பிடும் வாங்கிகள் இந்த இரண்டாம் பிழையைப் பெருமளவு களைந்துவிடும். எனவே பல தொகுதிகளையும் இரட்டை அலைவரிசையையும் ஏற்கும் கருவி இங்கே ஆடம்பரமன்று. மேல்சாலையும் கீழ்ச்சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கிக் கிடக்கும் கொண்டை ஊசி வளைவுகளில், இருபது மீட்டர் பிழை லோரியைத் திரையில் வேறொரு சாலைக்குக் கொண்டுபோய் வைத்துவிடும்.

லோரியை அறியாத கணக்கு

மூன்றாவது வேலையான வழிக்கணக்கில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. கைப்பேசியில் பரவலாகப் பயன்படும் வேஸ், கூகுள் மேப்ஸ் போன்ற செயலிகள் காரையும் மோட்டார் சைக்கிளையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. கனரக லோரிக்கென்று தனிக் கணக்கு அவற்றில் இல்லை. மிகக் குறைந்த நேரத்தில் கொண்டுசேர்க்கும் சாலையே அவற்றுக்குச் சிறந்த சாலை. பத்து நிமிடம் மிச்சமாகும் என்றால் செங்குத்தான தோட்டப் பாதையையும், குறுகிய பாலத்தையும் அவை தயங்காமல் காட்டும். காருக்கு அதில் பெருந்தீங்கு ஒன்றுமில்லை.

மலேசியாவில் ஒவ்வொரு லோரியின் பக்கவாட்டிலும் BTM, BDM என்று ஒலிப்பில் குழம்பக்கூடிய இரண்டு மலாய் எழுத்துச் சுருக்கங்கள் எழுதப்பட்டிருக்கும்: சரக்கில்லாத எடையைக் குறிப்பது ஒன்று, சரக்கோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைக் குறிப்பது மற்றொன்று. மலையிறங்கும்போது கணக்கில் வருவது இரண்டாவது எண்தான். சரக்கோடு 10 டன் எடையுள்ள லோரி ஒன்று 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 98 மெகாஜூல், மின்கட்டணக் கணக்கில் சொன்னால் 27 யூனிட். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் விழுங்கும். மேல் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் முழுவதும் பிரேக் கட்டைகளிலும் உருளைகளிலும் வெப்பமாகத் தேங்கி, ஒரு கட்டத்தில் உராய்வு குறைந்து, எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். சாலையோரப் பலகைகள் தாழ்ந்த கியரைப் பயன்படுத்தச் சொல்வதன் காரணம் இதுவே. கம்போங் ராஜாவிலிருந்து எந்த வழியாகச் சமவெளிக்கு இறங்கினாலும் உயர வேறுபாடு 1,000 மீட்டரைத் தாண்டும்; வேறுபடுவது அந்த உயரம் எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வளைவுகளோடு இறங்குகிறது, பிரேக் ஆற ஓரிடமாவது உண்டா என்பதுதான். நிமிடங்களை மட்டும் எண்ணும் மென்பொருளுக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

அகன்ற சாலை என்பதாலேயே ஆபத்து நீங்கிவிடுவதும் இல்லை. வளைவுகள் குறைவாகவும் அகலமாகவும் இருப்பதால் கனரக வாகனங்கள் பெரிதும் விரும்பும் சிம்பாங் பூலாய்ச் சாலையில்தான், 2010 டிசம்பர் 20 அன்று தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வந்த பேருந்து கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீண்ட, சீரான இறக்கம் ஓட்டுநருக்கு அச்சத்தைத் தராது என்பதே அதன் தீமை. ஆகவே நல்ல கருவி ஒரு சாலையைக் காட்டுவதோடு நில்லாமல், அச்சாலையின் இறக்கம் எங்கே தொடங்குகிறது, எத்தனை கிலோமீட்டர் நீள்கிறது என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கியரை மாற்ற வேண்டிய இடம் இறக்கத்தின் தொடக்கம், நடுவழி அன்று.

இந்தத் தேவையை உணர்ந்து செய்யப்பட்டவையே லோரிக்கான தனி வழிகாட்டிகள். கார்மின் நிறுவனம் 2009-ஆம் ஆண்டையொட்டி லோரி ஓட்டுநர்களுக்கென ஒரு கருவியை வெளியிட்டு, பின்னர் டீசல் (dēzl) என்னும் பெயரில் ஒரு வரிசையையே வளர்த்தது. டாம்டாம், ராண்ட் மெக்நாலி ஆகிய நிறுவனங்களும் அவ்வாறே செய்தன. இவற்றில் வண்டியின் உயரம், அகலம், நீளம், மொத்த எடை, ஏற்றிய சரக்கு அபாயகரமானதா என்னும் விவரங்களை முதலில் பதிய வேண்டும். அதன்பின் தாழ்ந்த பாலம், எடை வரம்புள்ள பாலம், லோரி தடைசெய்யப்பட்ட தெரு ஆகியவற்றைத் தவிர்த்துக் கருவி வழியைக் கணக்கிடும். செங்குத்து இறக்கத்தையும் கூரிய வளைவையும் முன்னறிவிக்கும் வசதியும் பலவற்றில் உண்டு.

கேட்பதற்கு இது கேமரன் மலைக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் கருவிக்கு அறிவைத் தருவது அதன் பெட்டியன்று, வரைபடத்தின் ஒவ்வொரு சாலைத் துண்டோடும் சேர்த்துப் பதியப்பட்ட லோரித் தரவுதான். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் அத்தரவு பல ஆண்டுகளாகத் திரட்டப்பட்டிருக்கிறது. அங்கே வாங்கிய அதே கருவியில் மலேசிய வரைபடத்தை ஏற்றும்போது, சாலைக்கோடுகள் இருக்கும். பாலத்தின் எடை வரம்பு பதியப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தரவில்லாத இடத்தில் கருவி வாய்மூடி நிற்பதில்லை. தடை ஏதுமில்லை என்று எடுத்துக்கொண்டு காருக்குரிய வழியையே லோரிக்கும் காட்டும். இல்லாத அறிவை இருப்பதுபோல் நம்பவைக்கும் இந்நிலை, அறிவே இல்லாத கருவியைவிட மோசமானது.

இதைக் கடையிலேயே சோதித்தறிய ஓர் எளிய முறை உண்டு. ரிங்லெட்டுக்கு அப்பால் சமவெளியில் ஓர் ஊரைச் சேருமிடமாக வைத்து, வண்டியின் எடையை முதலில் 2 டன் என்றும், பின்னர் 30 டன் என்றும், உயரத்தை 2 மீட்டர் என்றும் 4.5 மீட்டர் என்றும் மாற்றிப் பதிந்து வழியைக் கேட்க வேண்டும். பின்னர் தோட்டப் பாதைகளுக்குள் இருக்கும் ஓரிடத்தைச் சேருமிடமாக்கி அதையே மீண்டும் செய்ய வேண்டும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரே வழி, ஒரே நேரம், எச்சரிக்கை ஒன்றும் இல்லை என்றால், லோரி முறை என்று பட்டியலில் எழுதியிருப்பது இம்மலையைப் பொறுத்தவரை பெயரளவே. விற்பவர் சொல்லும் எந்த விளக்கத்தையும்விட இந்தக் கால் மணி நேரச் சோதனை நம்பத்தக்கது.

இறக்கத்தின் அளவைக் காட்டும் வசதியையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் உயர அளவு, கிடைமட்ட அளவைக் காட்டிலும் பிழை மிகுந்தது. ஆகவே காற்றழுத்தமானி உள்ள கருவிகள் உயரத்தை இன்னும் சீராகக் காட்டும். வரைபடங்களில் உள்ள உயரத் தரவு பல இடங்களில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு எடுத்த அளவையிலிருந்து வந்தது; அதில் நிலம் ஏறத்தாழ 30 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மலைச்சரிவைக் குடைந்து போடப்பட்ட சாலையில் அத்தகைய ஒரு சதுரம் மேலே இருக்கும் மரங்களையும் கீழே இருக்கும் பள்ளத்தையும் சேர்த்தே சராசரியாக்கிவிடுவதால், திரை 12 விழுக்காடு என்று காட்டும் இறக்கம் உண்மையில் 7 ஆகவோ, 7 என்று காட்டுவது 12 ஆகவோ இருக்கலாம். பொதுப்பணி இலாகாவின் பலகை சொல்வதும் கருவி சொல்வதும் முரண்பட்டால் பலகையையே கொள்ள வேண்டும்.

உலகின் பிற பகுதிகள் இச்சிக்கலை முன்பே சந்தித்தன. பிரிட்டனில் லோரிகள் தாழ்ந்த ரயில் பாலங்களில் மோதுவது ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை நிகழ்கிறது; காருக்கான வழிகாட்டியை நம்பிச் சிற்றூர்த் தெருக்களில் லோரிகள் சிக்கிக்கொள்வது பெருகியதால், 2012-இல் அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சு வரைபட நிறுவனங்களையும் உள்ளாட்சிகளையும் ஒன்றாக அழைத்துப் பேசியது. இந்தியாவில் 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, பாதி இடிந்து நின்ற பாலத்தை முழுப் பாலமாகக் காட்டிய வழிகாட்டியை நம்பிச் சென்ற கார் ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். தமிழ் வாசகர்களுக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதை. உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் அப்பாதை தூரத்தில் குறைவு என்பதால் செயலிகள் அதை விரும்பிக் காட்டின. பிரேக் பிடிக்காமல் நேர்ந்த விபத்துகள் பெருகவே, வெளியூர் வாகனங்கள் அவ்வழியே இறங்குவதை மாவட்ட நிர்வாகம் தடுக்க வேண்டியதாயிற்று. குறுகிய தூரம், செங்குத்து இறக்கம், பழக்கமில்லாத ஓட்டுநர், மலையை அறியாத செயலி ஆகிய நான்கும் கூடுமிடம் நீலகிரியானாலும் கேமரன் மலையானாலும் விளைவு ஒன்றே.

சமிக்ஞை இல்லாத இடமும் சரியும் மண்ணும்

சிம்பாங் பூலாய்க்கும் லோஜிங்குக்கும் இடையே காடு சூழ்ந்த நீண்ட பகுதிகளில் கைப்பேசிக் கோபுரங்களின் வீச்சு தொடர்ந்து கிடைப்பதில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞைக்குக் கைப்பேசி வலைப்பின்னல் தேவையில்லை என்றாலும், வரைபடத்தை வழியிலேயே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் செயலி அங்கே வெற்றுத் திரையில் ஒரு புள்ளியை மட்டும் காட்டி நிற்கும். ஆகவே முழு வரைபடத்தையும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் தனிக்கருவியோ, வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளும் செயலியோதான் இச்சாலைகளுக்கு ஏற்றது. கார்மின் கருவிகளுக்கென மலேசிய, சிங்கப்பூர் ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய மால்சிங்மேப்ஸ் என்னும் இலவச வரைபடம் இரு நாடுகளின் சாலைகளையும் ஒரே கோப்பில் தருவதால், பாசிர் பாஞ்சாங் வரை செல்லும் லோரிக்காரர்களுக்கு உதவியாக இருந்து வந்திருக்கிறது. திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்டிரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஆஸ்மாண்ட் என்னும் செயலி இணையம் இல்லாமலே இயங்குவதோடு, லோரியின் எடையையும் உயரத்தையும் ஏற்றுக்கொள்ளும் முறையும் அதில் இருக்கிறது.

எனினும் உள்ளேயே உறைந்திருக்கும் வரைபடத்துக்கு இன்றைய மழை தெரியாது. கேமரன் மலையில் சாலை மூடப்படுவதன் முதன்மைக் காரணம் மண்சரிவு. 2024 ஜனவரி 26 அன்று கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில் நள்ளிரவு கடந்து நேர்ந்த சரிவில் மியான்மரைச் சேர்ந்த ஐந்து தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் மாண்டனர். பருவமழைக் காலத்தில் 59-ஆம் சாலையும் 185-ஆம் சாலையும் அவ்வப்போது தடைபடுவது இவ்வூர் மக்களுக்குத் தெரிந்த நிலைமை. இங்கேதான் வேஸ் போன்ற செயலிகளின் வலிமை வெளிப்படுகிறது. முன்னே சென்ற ஓட்டுநர் கண்ட சரிவைச் சில நிமிடங்களில் பின்னே வருபவருக்குச் சொல்ல அவற்றால் முடியும். ஆகவே ஒன்றை விட்டு ஒன்றை வாங்குவது என்று இதைப் பார்ப்பதைவிட, வழியைத் தீர்மானிப்பதற்கு லோரியையும் இறக்கத்தையும் அறிந்த கருவி, புறப்படுமுன்னும் சமிக்ஞை கிடைக்கும் நிறுத்தங்களிலும் சாலை திறந்திருக்கிறதா என்று அறியக் கைப்பேசி என்று பிரித்துக்கொள்வதே இம்மலைக்குப் பொருந்தும். ஓடும் வண்டியில் கைப்பேசியைக் கையில் பிடித்திருப்பது மலேசியச் சட்டப்படி குற்றம் என்பதையும், வெயிலில் காய்ந்த முன்கண்ணாடியில் மணிக்கணக்கில் மாட்டிய கைப்பேசி சூடேறித் தானாகவே அணைந்துவிடக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணினால் இப்பிரிவினையின் பொருத்தம் இன்னும் தெளிவாகும்.

இரவுப் பயணத்துக்கென்று சில தனித் தேவைகள் உண்டு. மூடுபனி இறங்கிய சாலையில் ஓட்டுநரின் கண் இருளுக்குப் பழகியிருக்கும். அப்போது வெளிச்சம் மிகுந்த திரை கண்ணைக் கூசச் செய்து, அடுத்த சில நொடிகளுக்குச் சாலையையே மறைத்துவிடும். ஆகவே மிகவும் மங்கலாக்கக்கூடிய திரையும், திரையைப் பாராமலே போகக்கூடிய தெளிந்த குரலும் வேண்டும். குரல் எந்த மொழியில் பேசுகிறது என்பதைவிட, ஊர்ப்பெயர்களையும் சாலைப் பெயர்களையும் மலாய் ஒலிப்பில் சரியாகச் சொல்கிறதா என்பதே முக்கியம். பலகையில் படிப்பதும் காதில் விழுவதும் வேறுபட்டால், பிரிவுச் சந்திப்பில் ஓட்டுநர் ஒரு கணம் தடுமாறுவார், பத்து டன் வண்டிக்கு அந்த ஒரு கணம் மிக நீளமானது. வரும் வளைவின் வடிவத்தை மூடுபனியில் முன்கூட்டிக் காட்டுவது கருவியின் பெரும் உதவி என்பதில் ஐயமில்லை, ஆனால் அதை நம்பி வேகத்தைக் கூட்டுவது அந்த உதவியை அப்படியே தலைகீழாக்கிவிடும்.

கண்காணிக்கும் கருவியும் வழிகாட்டும் கருவியும்

மலேசியாவில் ஜிபிஎஸ் என்னும் ஒரே பெயர் இரண்டு வெவ்வேறு கருவிகளுக்கு வழங்கப்படுவதால் வாங்குவோரிடையே குழப்பம் உண்டு. ஒன்று, வண்டி எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று நிறுவனத்துக்கும் அதிகாரிகளுக்கும் தெரிவிக்கும் கண்காணிப்புக் கருவி. அதற்குத் திரை கிடையாது, ஓட்டுநருக்கு அது ஒன்றும் சொல்லாது. மற்றொன்று, இக்கட்டுரை பேசிவரும் வழிகாட்டி. 2013 ஆகஸ்டு 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் பாய்ந்து 37 பேர் இறந்ததையொட்டிக் கண்காணிப்புக் கருவி பற்றிய வற்புறுத்தல் வலுத்தது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேரும், ஜூன் மாதம் கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் பதினைந்து பேரும் அடுத்தடுத்த விபத்துகளில் உயிரிழந்த பின், கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் போகவிடாமல் எஞ்சினைத் தடுக்கும் பொறியை, அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கும் முடிவைப் போக்குவரத்து அமைச்சு எடுத்தது.

இவை தேவையான நடவடிக்கைகள். ஆனால் அப்பொறி விதிக்கும் மணிக்கு 90 கிலோமீட்டர் என்னும் உச்சவரம்பு நெடுஞ்சாலைக்கு உரியது. மலையிறக்கத்தின் வளைவொன்றில் 50 கிலோமீட்டர் வேகமே லோரியைக் கவிழ்க்கப் போதும், எஞ்சினைத் தடுக்கும் பொறியால் புவியீர்ப்பைத் தடுக்கவும் இயலாது. ஓட்டுநரைக் கண்காணிக்கும் கருவிக்குச் சட்டத்தின் பொருட்டுப் பணம் ஒதுக்கும் உரிமையாளர், ஓட்டுநருக்கு உதவும் கருவியை அவருடைய சொந்தக் கைப்பேசிக்கும் சொந்தத் தரவுச் செலவுக்கும் விட்டுவிடுவது நியாயமாகாது. பிழை நேர்ந்தால் பதிவேட்டில் பெயர் வருவது ஓட்டுநருக்கு. பிழையைத் தவிர்க்க உதவும் கருவியை வாங்கிக் கொடுக்கும் கடமை சரக்கை ஏற்றியனுப்புவோருக்கு. சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான ஜிடிஎல் உரிமம் பெற்று, இரவெல்லாம் மலையிறங்கி, விடியற்காலையில் சந்தையில் மூட்டை இறக்கி, மீண்டும் மலையேறும் தொழிலாளிக்கு அது சலுகையன்று, வேலைக்கருவி. எந்தக் கருவி என்று தீர்மானிக்கும் இடத்திலும் அவர் இருக்க வேண்டும். 185-ஆம் சாலையில் எங்கே பிரேக் மணக்கத் தொடங்கும் என்பதை அறிந்தவர் அவர்தான்.

அவ்வறிவைக் கருவிக்குள் சேர்ப்பதற்கும் வழி இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களின் உட்சாலைகள் பல வரைபடங்களில் பொதுச்சாலைபோல் இருபுறமும் திறந்து கிடக்கின்றன; நேரில் போனால் வாயிற்கதவோ, திரும்ப இடமில்லாத ஒற்றைத் தடமோ இருக்கும். பிரிஞ்சாங் மலையிலுள்ள சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குச் செல்லும் குறுகிய பாதையில் எதிரே ஒரு கார் வந்தாலே ஒதுங்க இடம் தேட வேண்டும். தோட்டத்தின் பெயரைத் தட்டினால் கருவி காட்டும் புள்ளி சுற்றுலாப் பயணிகளின் தேநீர்க் கூடமாக இருக்கலாம், சரக்கேற்றும் மேடையாக இராது. எனவே சரக்கேற்றும் இடம், வண்டி திருப்பும் இடம், பிரேக் ஆற நிறுத்தும் இடம் ஆகியவற்றின் ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, அனுபவமுள்ள ஓட்டுநர்களைக் கொண்டே குறித்து, நிறுவனத்தின் எல்லா வண்டிகளுக்கும் பகிர வேண்டும். இத்தகைய இடங்களை நூற்றுக்கணக்கில் சேமிக்கவும், ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பாக மாற்றவும் முடியுமா என்பது வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி; மலிவான கருவிகள் பல இதில் தோற்றுவிடுகின்றன. ஓப்பன்ஸ்டிரீட்மேப்பில் பாலத்தின் எடை வரம்பையும் தோட்டக் கதவையும் எவரும் பதியலாம். பதிந்தது உலகெங்கும் அதைப் பயன்படுத்தும் செயலிகளுக்குப் போய்ச் சேரும். பாலங்களின் தாங்குதிறனும் சாலைச் சரிவின் அளவும் பொதுப்பணி இலாகாவின் பொறியாளர்கள் கையாளும் தரவு. அதைப் பயன்படுத்தத்தக்க கோப்பாக வெளியிட்டால், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே ஊகிக்க வேண்டிய நிலை நீங்கும்.

விலையைப் பொறுத்தவரை, கருவியின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. வரைபடப் புதுப்பிப்பு கருவியின் ஆயுள் முழுவதும் இலவசமா, ஆண்டுச் சந்தாவா, மலேசிய வரைபடம் ஆண்டுக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சரிவுக்குப் பின் சாலை மாற்றிப் போடப்படும் மலையில் பழைய வரைபடம் பழைய சாலையைத்தான் காட்டும். லோரிகளின் மின்னமைப்பு பெரும்பாலும் 24 வோல்ட், கார்களுடையது 12 வோல்ட் என்பதால், மின்னேற்றி இரண்டையும் ஏற்குமா என்பதைப் பார்க்கத் தவறினால் வாங்கிய அன்றே கருவி கருகக்கூடும். மாட்டும் இடம் முன்கண்ணாடியின் நடுவாக இல்லாமல், இறக்கத்தில் சாலையைப் பார்க்கும் கண்ணுக்குக் குறுக்கே வராத கீழ் மூலையாக இருக்க வேண்டும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையின் அதிர்வில் ஒட்டுப்பிடி கழன்று விழாதவாறு திருகாணியால் பிணைப்பது நல்லது. முதல்முறை விவரம் பதியும்போது எடைக்குப் பக்கவாட்டில் எழுதியுள்ள சரக்கோடு கூடிய மொத்த எடையையும், உயரத்துக்கு உற்பத்தியாளரின் ஏட்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கூடைகளை அடுக்கி, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிய பின் தரையிலிருந்து அளந்த எண்ணையும் கொடுக்க வேண்டும். காய்கறி ஏற்றும் நாளில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை மீட்டரையும் தாண்டலாம்.